இருபத்திரெண்டு குப்பி

இன்னும் சுத்திக்கிட்டே இருக்குதுங்களா? விட்டுருங்க, அது தொறக்காது. சிக்னல் மேல தப்பில்லீங்க, அந்தப் பக்கத்தைக் கட்டுனவன் மேல தப்பு. இப்படிக் கொஞ்சம் காட்டுங்க. பாத்தீங்களா, மேல ஒரு வீடியோ ஓடோணும்னு காத்துக்கிட்டு இருக்குது. தாளவாடியில இருந்து திரும்பி வர பஸ் எத்தனை மணிக்குன்னு பாக்கற மனுசனுக்கு வீடியோ எதுக்குங்க? மூணு வருஷத்துக்கு முந்தி வந்த மோஸ்தர் அது. எவனோ இன்னும் அதையே புடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கறான்.

நான் இந்தத் தொழில்தானுங்க. வெப்சைட் கட்டிக் குடுக்கறது. கோபியில ஆபீஸ், பதினெட்டு வருஷம் ஆச்சு. நவநீதன்னா ஈரோடு, திருப்பூர் வரைக்கும் தெரியும். தெரிஞ்சுது. இப்ப... சரி, அதை விடுங்க. நீங்க ஜன்னலோரம் உக்காந்துக்குங்க, நான் நடுவுல எறங்கிருவேன். புங்கந்தோட்டம் பிரிவு. இவன் ஓட்டற ஓட்டத்துக்கு இன்னும் முக்கா மணி நேரம் ஆகும். இப்ப மணி என்னங்க, பத்தா? பதினொண்ணுக்குள்ள போயிரோணும். பன்னண்டுக்கு மேல போனா ஒரு பிரயோசனமும் இல்லை.

இது ஆப்பிளுங்க. எழவு வீட்டுக்குப் போறேன், வெறுங்கைய வீசிக்கிட்டுப் போகக்கூடாதில்லீங்க. செத்து மூணு மாசம் ஆச்சு. எங்க அண்ணி, மயிலாத்தான்னு பேரு. கூடப் பொறந்த அண்ணன் சம்சாரம் இல்லீங்க. பங்காளி முறையில ராசப்பன்னு ஒரு அண்ணன், அவரு சம்சாரம். ஆனா கூடப் பொறந்தவங்களுக்கு மேல. எங்கப்பன் போனதுக்கப்பறம் நான் காலேஜ் முடிக்கற வரைக்கும் அந்த ஊட்டுச் சோறுதான் தின்னேன். நான் மொத மொதக் கட்டுன வெப்சைட்டே அண்ணிக்குத்தான். 'மயிலாத்தா மஞ்சள்'னு பேரு. கையில மஞ்சக் கெழங்கை வெச்சுக்கிட்டு நிக்கற மாதிரி போட்டோ, அதைச் சுத்தி மினுக் மினுக்குன்னு விளக்கு. 'என்னடா என்னைய மாரியாத்தா ஆக்கிப்போட்டே'ன்னு அண்ணி சிரிச்ச சிரிப்பு இருக்குதே. நன்றி கெட்டவன்னு மட்டும் என்னை யாரும் சொல்ல முடியாதுங்க.

எப்படிச் செத்துச்சுன்னா கேக்கறீங்க? பாம்பு கடிச்சுங்க. பாம்புக்கடின்னு சொன்னா முடிஞ்சுது, அத்தோட விட்டிருக்கோணும். எங்க விட்டாங்க? ரெண்டு பொம்பளைங்க சேந்துக்கிட்டு அதை என்ற தலையில கட்டப் பாக்கறாளுங்க. உங்ககிட்டச் சொல்றேன், நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. ஆனா தொழிலைப் பத்திச் சொன்னாத்தான் மத்தது வெளங்கும்.

நான் ஆரம்பிச்ச காலத்துல பக்கம் தொறந்ததும் பாட்டுப் பாடோணும்னாங்க. பாட வெச்சேன். அடுத்த வருஷம், பாட்டுப் பாடுனா பட்டிக்காடுன்னாங்க. எடுத்துட்டேன். எழுத்தெல்லாம் மின்னோணும்னாங்க. மின்ன வெச்சேன். அப்பறம் அஞ்சு போட்டோ ஒண்ணு மாத்தி ஒண்ணு நகரோணும். அப்பறம் நகரவே கூடாது. எல்லாம் வெள்ளையா, தேதி கீதி ஒண்ணும் இல்லாம, கழுவி உட்ட மாதிரி இருக்கோணும். அப்பறம் கறுப்பு. அப்பறம் மூலையில ஒரு பொம்மை வந்து நின்னு வணக்கம் சொல்லோணும். இதெல்லாம் யாருங்க முடிவு பண்றாங்க? பதினெட்டு வருஷமாச் செய்யறேன், எனக்கே தெரியாது. எவனோ எங்கயோ எழுதறான், நான் கோபியில உக்காந்து மாத்தறேன். மாத்துலீன்னா கஸ்டமர் வந்து நிப்பான். 'ஏன் நவநீதன், நம்ம சைட்டு பழசாட்டம் இருக்குதே'ம்பான். பழசு. எங்க தொழில்ல அதுக்கு மேல ஒரு கெட்ட வார்த்தை கெடையாதுங்க.

இதுல கொடுமை என்னன்னா, இப்ப எங்களைக் கேக்கவே வேண்டியதில்லை. 'எனக்கு ஒரு வெப்சைட் வேணும்'னு எழுதுனாக் கம்ப்யூட்டரே பத்து நிமிஷத்துல கட்டிக் குடுத்துருது. என்ற கஸ்டமருங்கள்ல பாதிப் பேரு அப்படிப் போயிட்டாங்க. மிச்சம் இருக்கறவங்களைப் புடிச்சு நிறுத்தோணும்னா சுவத்துல ஏதாச்சும் மாட்டியிருக்கோணுமில்லீங்க. அப்பத்தான் எங்க சங்கத்துல ஷீல்டு அறிவிச்சாங்க. நாலு மாவட்டத்து வெப் ஆளுங்க சேந்த சங்கம், வருஷா வருஷம் புரட்டாசியில கோயமுத்தூர்ல கூடும். இந்த வருஷம் வேகத்துக்கு ஷீல்டுன்னாங்க. இப்ப மோஸ்தர் வேகம்தானுங்க. பக்கத்தை ஒரு சோதனை மிஷின்ல குடுத்தா, எத்தனை செகண்டுல தொறக்குதுன்னு பாத்து அது நூத்துக்கு மார்க் போடும். நூறு வாங்குனவனுக்கு ஷீல்டு.

எனக்கு ஒரு ட்ரஸ்ட் ஆஸ்பத்திரி கஸ்டமர். பேரு வேண்டாமுங்க. அவங்க பக்கத்துல ஒரு இருப்புப் பட்டியல் இருக்கும். எந்த குரூப் ரத்தம் எத்தனை பாட்டில், பாம்புக்கடி மருந்து எத்தனை குப்பி, இந்த மாதிரி. நல்ல யோசனைதான், சுத்துப்பட்டுல எல்லாம் காடு தோட்டம். மருந்து ரூம்ல தெய்வானைன்னு ஒரு பொம்பளை. தினமும் காத்தால எட்டரைக்குக் குப்பிய எண்ணி, நோட்டுல குறிச்சுக்கிட்டு, அந்த நம்பரைப் பக்கத்துல ஏத்தி உடுவா. ஒரு நாள் தவற மாட்டா. நோம்பி நாள்லகூட. 'ஏம்மா, நீ மருந்து எண்ணுறியா, கோழிக்குஞ்சு எண்ணுறியா'ன்னு கேலி பண்ணுவேன்.

இந்தப் பக்கத்தைத்தான் போட்டிக்கு உட்டேன். வேகத்துக்கு ஒரு சூட்சுமம் இருக்குதுங்க. ஒருத்தர் பக்கத்தை மொதத் தடவை தொறக்கும்போது, அப்படியே ஒரு நகல் எடுத்து அவங்க போனுக்குள்ளயே வெச்சிரலாம். அடுத்த தடவை தொறந்தா அது நெட்டுக்கே போகாது. உள்ள இருக்கற நகலை எடுத்துக் காட்டிரும். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள வந்து நிக்கும். சிக்னல் இல்லாத எடத்துலகூட வரும். நான் புதுசு அனுப்பற வரைக்கும் அந்த நகல்தான்.

என்ற ஆபீஸ்ல மைனாவதின்னு ஒரு பொண்ணு இருந்தா. ஏழு வருஷம் என்கிட்ட வேலை. கெட்டிக்காரி, ஆனா வாய் சும்மா இருக்காது. 'அண்ணா, டாக்டருங்க பேரு, போட்டோ, வர்ற வழி, இதையெல்லாம் நகல் எடுத்து வெச்சுக்கலாம். இருப்புப் பட்டியலை மட்டும் வெக்காதீங்க. அது தினம் மாறுது. அதை ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் கேட்டு வாங்கோணும்'னா. சரின்னு அவ சொன்ன மாதிரியே பட்டியலை மட்டும் விட்டுட்டு மிஷின்ல குடுத்தேன். தொண்ணூத்தி நாலு போட்டுச்சு. தொண்ணூத்தி நாலு! எவ்வளவு பக்கத்துல வந்துட்டுப் போகுது பாருங்க.

மைனாவதி அதுக்குள்ள ஒரு பள்ளிக்கூடத்து வேலையில எறங்கிட்டா. நானே உக்காந்தேன். ப்ரோகிராம்ல ரெண்டு வரி, அதுதான் பட்டியலை நகல் எடுக்காம தடுக்கறது. அதுக்கு மேல ஒரு வரியில, 'இதை எடுக்காதீங்க, இருப்பு தினமும் மாறும். மைனாவதி'ன்னு பேரோட எழுதி வெச்சிருந்தா. மூணு வரியையும் எடுத்தேன். திரும்ப மிஷின்ல குடுத்தேன். நூறு.

நூறுங்க! நாப்பத்திமூணு வயசுல பரிச்சை எழுதுன பையனாட்டம் குதிச்சேன். இதோ பாருங்க, படம் புடிச்சு வெச்சிருக்கறேன், இந்தப் பச்சை வட்டம். இன்னும் அழிக்கலை.

ஷீல்டு கைக்கு வந்ததும் அந்த வரியைத் திரும்பப் போட்டுரலாம்னுதான் இருந்தேன். சங்கத்து ஆளுங்க எப்ப வேணும்னாலும் சோதிப்பாங்கன்னு சொன்னாங்க, அதனால உட்டு வெச்சேன். பொறகுதான் தெரியுது, அவங்க ஆவணி மொத வாரமே சோதிச்சு முடிச்சுட்டாங்களாம். எனக்கு எவனும் சொல்லலை. சொல்லியிருந்தா அன்னைக்கே போட்டிருப்பேன். இது யாரு தப்புங்க?

ஆடிப் பதினெட்டுக்கு அண்ணன் ஊட்டுக்குப் போனேன். அண்ணி அரிசிம்பருப்பு ஆக்கி, நெய்ய ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு. அண்ணனுக்கு அப்பத்தான் புதுப் போன். அதுல ஆஸ்பத்திரிப் பக்கத்தை ஒருக்காத் தொறந்துட்டு மூடுனேன். 'இப்பத் தொறக்கறேன், எண்ணுங்கண்ணா'ன்னேன். அவரு 'ஒண்ணு'ங்கறதுக்குள்ள தொறந்துருச்சு. பாம்புக்கடி மருந்து, இருபத்திரெண்டு குப்பி. அண்ணி எட்டிப் பாத்துட்டு, 'நம்ம காட்டுப் பாம்புக்கு அது பத்துமாடா நவநீதா'ன்னு கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சோம். போன் மொகப்புலயே ஒரு படம் வெச்சுக் குடுத்தேன், தொட்டாப் போதும். 'அண்ணா, இனிமே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுட்டு லைனுக்காகக் காத்துக் கெடக்க வேண்டாம். இதைப் பாருங்க, இருக்குதுன்னு காட்டுனா வண்டிய எடுங்க'ன்னு சொல்லிக் குடுத்தேன். எத்தனை பேருக்குங்க அப்படி ஒரு அக்கறை வரும்?

ஆவணிக் கடைசி. மத்தியானம் மூணு மணி. மஞ்சக் காட்டுல களை எடுத்துக்கிட்டு இருக்கும்போது அண்ணியக் கடிச்சிருச்சு. நல்லபாம்பு. கணுக்காலுக்கு மேல. அண்ணன் வண்டியில தூக்கிப் போட்டுட்டு வரப்புல நின்னே போனை எடுத்தாரு. தொட்டாரு.

ஒரு செகண்டுங்க. ஒரே செகண்டு. அந்தக் காட்டுல சிக்னல் துளிகூட வராது, அங்கயும் தொறந்துச்சு. வேற எவன் கட்டுன பக்கமா இருந்தாலும், இப்ப உங்க போன்ல சுத்துதே, இந்த மாதிரி சுத்திக்கிட்டேதான் நின்னிருக்கும். அதை யாரும் பேச மாட்டேங்கறாங்க.

பிரிவுல ரோடு ரெண்டாப் போகுது. இடது கைப் பக்கம் பெரியாஸ்பத்திரி, அரை மணி நேரம். வலது கைப் பக்கம் ட்ரஸ்ட் ஆஸ்பத்திரி, இருபது நிமிஷம். பெரியாஸ்பத்திரியில அந்த மருந்து எப்பவும் இருக்கும், அது ஊருக்கே தெரியும். ஆனா கண்ணு முன்னால இருபத்திரெண்டு குப்பி, பத்து நிமிஷம் மிச்சம். அண்ணன் வலது பக்கம் திரும்பிட்டாரு.

அங்க போனா மருந்து இல்லை. தெய்வானையே ஓடி வந்து, 'தீந்து மூணு நாள் ஆச்சுங்களே, வெப்சைட்டுல இல்லைன்னு போட்டிருக்கறேனே'ன்னிருக்கறா. அவங்க ஆம்புலன்ஸ்லயே ஏத்தி, வந்த வழியே திருப்பி அனுப்பிச்சாங்க. பிரிவைத் தாண்டும்போது அண்ணிக்குக் கண்ணு ரெப்பையத் தூக்க முடியலையாம். அண்ணன் கையப் புடிச்சுக்கிட்டு ஏதோ சொல்லப் பாத்திருக்குது, நாக்குப் பெரளலை. பெரியாஸ்பத்திரி கேட்டுக்குள்ள வண்டி போகும்போது மூச்சு நின்னுருச்சு.

கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க. ம். போதுங்க.

நான் அழுதேனுங்க. அண்ணனைவிட நான்தான் அழுதேன். அப்ப அண்ணன் என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, 'இருபத்திரெண்டுன்னு காட்டுச்சேடா நவநீதா, நான் என்ற கண்ணால பாத்தேன்டா'ன்னாரு. அந்த நம்பரைக் கேட்டதும் என்ற அழுகை அப்படியே நின்னுபோச்சு. இருபத்திரெண்டு எந்த நாளு நம்பருன்னு எனக்குத் தெரியாதுங்களா? அரிசிம்பருப்பு தின்ன கையோட நான்தானே தொறந்து காட்டுனேன்.

பொணம் எடுக்கறதுக்கு முந்தியே கோபிக்கு வந்துட்டேன். கொள்ளி வெக்கறப்ப நான் அங்க இல்லைங்கறது உண்மைதான். ஆனா எதுக்கு வந்தேன்? அந்த ரெண்டு வரியத் திரும்பப் போட்டுப் புதுசா அனுப்பிச்சேன். ஆயிரத்துச் சொச்சம் போன்ல அந்தப் பழைய நகல் இருந்துச்சுங்க. பக்கத்தை ஒருக்காத் தொறந்தாப் போதும், ஒரு செகண்டுல பழசு அழிஞ்சு புதுசு உக்காந்துக்கும். எத்தனை உசுரு பொழைச்சிருக்கும்னு ரோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு நான் ஊட்டுல உக்காந்து ஒப்பாரி வெச்சுக்கிட்டு இருந்திருந்தா?

அதுக்குப் பொறகு ஆஸ்பத்திரியில விசாரணை. பக்கத்துல இருபத்திரெண்டுன்னு இருந்துச்சுன்னு அண்ணன் சொல்றாரு, நான் முந்தியே இல்லைன்னு போட்டுட்டேன்னு தெய்வானை சொல்றா. யாரு எப்ப ஏத்துனாங்கன்னு மணியோட பதிவு பண்ற வசதி அதுல இல்லை. யாரும் கேக்கலை, நான் வெக்கலை. அப்பறம் என்கிட்டக் கடுதாசி கேட்டாங்க. நான் எழுதிக் குடுத்தேன். 'மருந்து ரூம்ல என்ன ஏத்தறாங்களோ, அதைத்தான் பக்கம் காட்டும்.' ஒரே வரி. இதுல பொய் ஒரு எழுத்து இருக்குதுங்களா? நான் அவ பேரைச் சொன்னேனா? இல்லையே. அவங்களாத்தான், செத்ததுக்கப்பறம் இவ போய் நம்பரை மாத்திட்டான்னு முடிவு பண்ணி வேலைய உட்டு அனுப்பிச்சாங்க.

அவளுக்கு என்ன ஆச்சுன்னா? மருந்துக்குப் படிச்சவ, ஊருக்கு ஊரு மெடிக்கல் ஷாப் இருக்குது, எங்கயாச்சும் போயிக்கலாம். சேத்துக்க மாட்டேங்கறாங்களாம். சாவுக்குக் காரணமானவன்னு பேராயிப்போச்சு. புருசன் இல்லீங்க, பொண்ணு ஒண்ணு பத்தாவது படிக்குது. காரியத்தன்னைக்கு அண்ணன் ஊட்டு வாசல்ல வந்து நின்னா. அண்ணன் சொந்தக்காரங்க மண்ணை வாரித் தூத்துனாங்க. நின்னுக்கிட்டே இருந்தா. 'நான் மூணு நாளைக்கு முந்தியே சைபர் போட்டேனுங்க, என்ற கையால போட்டேனுங்க'ன்னு அதையே சொல்லிக்கிட்டு நின்னா. நான் பந்தல்ல சேர் எடுத்துப் போட்டுக்கிட்டு இருந்தேன். பாவமாத்தான் இருந்துச்சு, இல்லைங்கலை. ஆனா அந்த எடத்துல நான் என்னத்தச் சொல்லறது?

மைனாவதி எப்படியோ கண்டுபுடிச்சுட்டா. நான் எப்பவும் நேரா மெயின் கம்ப்யூட்டர்லயே கைய வெச்சு மாத்திப்போடுவேன், பதிவு கிதிவு வெக்கற பழக்கமெல்லாம் கெடையாது. ரெண்டு வரியச் சரியாத்தான் திரும்பப் போட்டேன். அவ பேரு இருந்த வரியைப் போட மறந்துட்டேன். 'என்ற பேரு எங்கண்ணா'ன்னு கேட்டுக்கிட்டு வந்து நின்னா. நான் முழிச்ச முழியிலயே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு.

'நீங்களே போயிச் சொல்லிருங்கண்ணா. சொல்லறதுக்குக் கஷ்டமா இருந்தா நானும் கூட வர்றேன்'னா. அதட்டலீங்க, அழுதா. தீவாளி நோம்பி போகட்டும், சொல்லிர்றேன்னேன். நடுவுல புரட்டாசியில கோயமுத்தூர் கூட்டம். ஷீல்டா? வாங்குனேன். வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்களே, என்னன்னு சொல்றது? மேடையில எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க. ஆபீஸ்ல மாட்டியிருக்கறேன். மாட்டுன அன்னைக்கே மைனாவதி தன்ற சாமானைப் பையில போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டா. ஏழு வருஷம் சோறு போட்ட எடமுங்க. தீவாளி போச்சு. போன வாரம் நேராத் தெய்வானை ஊட்டுக்குப் போயி எல்லாத்தையும் சொல்லிட்டா. இது துரோகமா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

அவ வாயில சொன்னா யாரு நம்புவாங்க? கையில ஒண்ணும் கெடையாது. நான் அனுப்பிச்ச புதுசு எல்லாப் போன்லயும் உக்காந்தாச்சு. ஒரே ஒரு போனைத் தவிர.

அண்ணன் போனுங்க. அண்ணி செத்த அன்னைக்கே அதை அமத்திட்டாரு. 'இனிமேப்பட்டு இந்தச் சனியனைக் கையில தொட மாட்டேன்'னு, அண்ணி சீலை அடுக்கற பீரோவுக்குள்ள போட்டுப் பூட்டிட்டாரு. மூணு மாசமா அதுக்குள்ளதான் கெடக்குது. அவரு இப்பப் பட்டன் போன்தான் வெச்சிருக்கறாரு. அந்தப் பீரோப் போனை நெட்டு இல்லாம தொறந்தா, இன்னைக்கும் இருபத்திரெண்டுன்னுதான் காட்டும். ஆடிப் பதினெட்டுல இருபத்திரெண்டு குப்பி இருந்துச்சுன்னு தெய்வானை நோட்டுல எழுதியிருக்குது, அதுக்கப்பறம் ஒரு நாள்கூட அந்த நம்பரு இல்லை. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாப் போதும், சின்னக் கொழந்தைகூடச் சொல்லிரும். மைனாவதி இதைத்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கறா.

நேத்து அண்ணன் கூப்புட்டாரு. 'நவநீதா, அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு வந்துச்சுடா. என்ற போனைப் பாக்கோணும்னு கையெடுத்துக் கும்புட்டுக் கேக்குது. எனக்கு ஒண்ணும் வெளங்கலை. நாளைக்குப் பன்னண்டு மணிக்கு ஆஸ்பத்திரி மேனேஜரைக் கூட்டிக்கிட்டு வர்றேன்னுச்சு, சரின்னுட்டேன். ஆனா அந்தப் போனை உன்னைத் தவிர வேற ஒருத்தர் கையில குடுக்க எனக்கு மனசு வல்லை. நீ வந்து நில்லுடா. நீ தொறந்து என்னன்னு பாத்துச் சொன்னா, அதுதான் எனக்கு நெசம்'னாரு. அவரு கொரல்ல சத்தமே இல்லீங்க. மூணு மாசத்துல என்னமோ ஆயிட்டாரு. 'ஒருவேளை அந்தப் பொண்ணைத் தப்பாத் தெண்டிச்சுட்டமோன்னு இருக்குதுடா, மயிலாத்தா இருந்திருந்தா மண்ணை வாரித் தூத்த உட்டிருப்பாளா'ன்னு கேட்டாரு. 'பன்னண்டு வேண்டாமுங்கண்ணா, நான் பதினொண்ணுக்கே வந்தர்றேன்'னேன்.

அதுக்குத்தானுங்க போறேன். சார்ஜ் இருக்காது, அதுக்கு பவர் பேங்க் எடுத்து வெச்சிருக்கறேன். என்ற போன்ல இருந்து கொஞ்சம் நெட்டுக் குடுத்து, பக்கத்தை ஒருக்காத் தொறப்பேன். அவ்வளவுதான். ஒரு செகண்டு.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? என்னமோ கொலை பண்ணப் போறவனைப் பாக்கற மாதிரி. அந்த மனுசன் அந்த இருபத்திரெண்டை இன்னொருக்காப் பாக்கோணுமா? பாத்தா நெஞ்சு வெடிச்சுச் செத்துப்போவாரு. நான் அதை நெனச்சுத்தான்...

சரிங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்க யாரோ நான் யாரோ. எனக்குப் பயமா இருக்குதுங்க. ஜெயிலுக்குப் பயமில்லை, தொழிலுக்குப் பயமில்லை, அது எப்படியும் போயிட்டுத்தான் இருக்குது. அண்ணன் என்னைப் பாக்கற பார்வை மாறிருச்சுன்னா நான் எங்க போவேன்? எனக்கு இந்த ஒலகத்துல 'டேய் நவநீதா'ன்னு கூப்புட அவரு ஒருத்தருதான் மிச்சம். மூணு மாசமா கண்ணை மூடுனா அண்ணிதான் வருது. எட்டிப் பாத்துட்டு, 'பத்துமாடா'ன்னு கேக்குது. தெய்வானைக்கு வேணும்னா நானே எங்கயாச்சும் சொல்லி ஒரு வேலை வாங்கிக் குடுத்துருவேன். குடுப்பேனுங்க. இது மட்டும் நல்லபடியா முடிஞ்சுட்டா குடுப்பேன்.

அதோ, அந்த நெழற்குடை தெரியுதுங்களா, அதான் பிரிவு. மணி பத்தே முக்கால். பரவாயில்லை, ஓட்டிட்டான். அட, அண்ணனே வந்து நிக்கறாரு பாருங்க! ஊட்டுல இருந்து ஒன்றரை மைலு, இந்த வெயில்ல நடந்தே வந்திருக்கறாரு. கையில என்னமோ துணியில சுத்தி நெஞ்சோட வெச்சுப் புடிச்சிருக்கறாரு. அண்ணி சீலைத்துணியாட்டம் இருக்குது. அதுதான். எடுத்துக்கிட்டே வந்துட்டாரு, என்ற கையில குடுக்கோணும்னு. ஊட்டுக்குக்கூடப் போக வேண்டியதில்லை, இங்கயே முடிச்சுரலாம்.

கண்டக்டர், புங்கந்தோட்டம் எறங்கோணும்!

வரட்டுங்களா. பேசிக்கிட்டு வந்ததுல பாரம் கொறைஞ்ச மாதிரி இருக்குது. உங்க பேரைக்கூடக் கேக்கலை... ஏனுங்க, நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க? பைய ஏன் எடுக்கறீங்க? உங்களுக்குத் தாளவாடிக்கு டிக்கெட் இருக்குது, அதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் போகோணும். இதை உட்டா அடுத்த பஸ் சாயங்காலம்தானுங்க. வெளையாடாதீங்க. ஏதோ மனசு தாங்காம, வழியில பாத்த மனுசன்கிட்ட வாயத் தொறந்துட்டேன். உக்காருங்க. அய்யா, உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன், எறங்காதீங்க. அவருக்கு உங்களை யாருன்னே தெரியாது. நீங்க போயி அவருகிட்ட என்னன்னு சொல்லுவீங்க?